ஆற்றின் கணக்கும் அறத்தின் கணக்கும்

இயலாத ஒன்றைச் செய்யும்படி அறம் எவரையும் பணிப்பதில்லை. நீந்தத் தெரியாதவன் வெள்ளத்திற் குதித்துப் பிறனைக் காப்பாற்றவில்லை என்று நாம் குற்றஞ் சாட்டுவதில்லை. 'செய்யவேண்டும்' என்ற சொல்லுக்குள்ளே 'செய்யமுடியும்' என்ற பொருளும் அடங்கியிருத்தல் வேண்டும் என்பது காண்ட் முதலிய மெய்யியலாளர் வலியுறுத்திய கருத்தாகும். ஆனால் இப்பழைய உண்மை நமது காலத்திற் புதியதொரு வடிவில் நம்முன் வந்து நிற்கிறது. ஒரு செயலைச் செய்யக் கை இருக்கிறது, கருவி இருக்கிறது. ஆயின் பல வழிகளுள் எது மிகச் சிறந்தது என்று காணும் கணக்கோ எந்தப் பொறிக்கும் எட்டாததாக இருக்கிறது. அத்தகைய இடத்தில் நமது கடமை யாது? விளைவுக்குப் பொறுப்பாளி யார்?

இவ்வினாவை வெறும் ஏட்டு விவகாரமென்று ஒதுக்கிவிட முடியாது. கண்டி நகரை மூன்று புறமும் வளைத்தோடும் மகாவலி கங்கையில், ஒவ்வொரு பெரும்போகத்திலும் ஒவ்வொரு சிறுபோகத்திலும் இது மக்களின் வாழ்வுப் பிரச்சினையாகவே எழுகின்றது. நகருக்கு வடக்கே சில கிலோமீற்றர் தொலைவிற் பொல்கொல்ல என்னும் இடத்தில் ஆற்றை மறித்து ஓர் அணை நிற்கிறது. 1976ஆம் ஆண்டு முதல் ஆற்றுநீரின் ஒரு பகுதி, மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்கு அங்கிருந்து திருப்பப்படுகிறது. பின்னர் அது போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து, வடக்கே கலாவாவியை அண்டிய வறண்ட நிலங்களுக்கும், அம்பன் கங்கை வழியே வேறு வயல்களுக்கும் பாய்கிறது. திருப்பப்படாத நீர், ஆற்றின் இயற்கை வழியே சென்று விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே ஆகிய அணைகளில் மின்சாரம் தந்து, மினிப்பேயில் வயல்களுக்குப் பிரிந்து, எஞ்சியது கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கிறது.

கீழ்வழியே செல்லும் நீர் அதிக உயரத்திலிருந்து விழுகிறது. ஆகவே அதிக மின்சாரம் தருகிறது. உக்குவளையின் திறன் ஏறத்தாழ 40 மெகாவாட். விக்டோரியாவின் திறன் மட்டும் 210 மெகாவாட். எனவே பொல்கொல்லவில் வடக்கே திருப்பப்படும் நீர் அங்குள்ள உழவனுக்கு ஆதாயம், மின்சாரத்துக்கு இழப்பு. கீழே விடப்படும் நீர் மின்சாரத்துக்கு ஆதாயம், வடக்கின் உழவனுக்கு இழப்பு. இன்று தாராளமாகத் திறந்துவிட்டு நாளை பருவமழை பொய்த்தால் பயிர் கருகும். இன்று இறுக்கிச் சேமித்து நாளை பெருமழை பெய்தால், சேமித்த நீர் பயனின்றி வழிந்தோடும்; கரையோர மக்களுக்கு வெள்ளமாகவும் ஆகும். கண்டி மக்களின் குடிநீரும் பெருமளவுக்கு இதே ஆற்றையே சார்ந்தது. இவற்றுக்கு நடுவே மின்சார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், மகாவலி அதிகாரசபை, நீர்வழங்கல் சபை எனப் பல கைகள். ஒவ்வொரு கைக்கும் தனித்தனிக் கண்.

மகாவலி அதிகாரசபையின் நீர் முகாமைத்துவச் செயலகம் ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு கணினியின் துணையோடு நீர்ப்பங்கீட்டுத் திட்டம் வகுக்கிறது. 'கணினி போட்ட கணக்கு' என்றதும் நம்மிற் பலர் வாய்மூடி விடுகின்றனர். கணக்கு என்றால் ஒரே விடைதான் இருக்கும், அவ்விடையைப் பொறி கண்டுவிட்டது, அதற்கு மேற் பேச உழவனுக்கோ ஆசிரியனுக்கோ என்ன இருக்கிறது என்ற எண்ணமே இந்த மௌனத்தின் வேர். இவ்வெண்ணம் உண்மைதானா என்பதை ஆராய்வதற்குக் கட்டுப்பாட்டியல் என்னும் துறை நமக்கு உதவுகின்றது.

கட்டுப்பாட்டியல் என்பது ஓடும் ஒன்றை விரும்பிய வழியில் ஓட்டும் கலையின் கணிதம். ஆற்றின் மதகு, ஆலையின் கொதிகலன், வானூர்தியின் சுக்கான் யாவும் அதன் பொருள்களே. எதிர்பாராத அலைக்கழிப்புக்கு நடுவே, இயன்ற அளவுக்குக் குறைந்த இழப்போடு, குறித்த நிலையைக் காப்பது எப்படி என்பதே அதன் வினா. 1960ஆம் ஆண்டளவில் கல்மன் முதலியோர் இதற்கு அழகியதொரு விடை கண்டனர். ஒரே கட்டுப்பாட்டாளன், நேர்கோட்டு விதிகள், இயல்பான பரவலுடைய தற்செயற் பிழைகள் என்று கொண்டால், மிகச் சிறந்த விதியைக் கணிதம் தெளிவாகத் தந்துவிடும். கணினி அதை விரைவிற் கணக்கிட்டும்விடும். இத்துறையின் பொற்காலம் என்று அதனைப் பலர் போற்றுகின்றனர்.

ஆனால் உலகம் அவ்வளவு ஒழுங்கானதன்று. கொத்மலை, பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே, போவத்தென்ன, மொரகஹகந்த ஆகிய ஏழு நீர்த்தேக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் நீர்மட்டத்தையும் 20 படிகளாகப் பிரித்தாற்கூட, மொத்தத்தில் தோன்றக்கூடிய நிலைகள் 128 கோடி. கலாவாவியையும் சேர்த்து எட்டாக்கினால் அவை 2560 கோடியாகிவிடும். அமெரிக்கக் கணிதவியலாளர் பெல்மன் 1957இல் இதற்குப் 'பரிமாணத்தின் சாபம்' என்று பெயரிட்டார். ஒரு தேக்கத்தைக் கூட்டும்போது கணக்கு ஒரு பங்கு கூடுவதில்லை. இருபது மடங்காகப் பெருகுகிறது.

இன்னும் விரைவான பொறி வந்தால் இது தீர்ந்துவிடாதா என்று மாணவர் கேட்கலாம். 60 மதகுகளை ஒவ்வொன்றாகத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்யும் வழிகளை எல்லாம், நொடிக்கு 100 கோடி வீதம் ஒரு பொறி சோதிக்கிறது என வைத்துக்கொள்வோம். அது முடிக்க 36 ஆண்டுகளுக்கு மேலாகும். 61ஆவது மதகைச் சேர்த்தால் 73 ஆண்டுகள். 70 மதகுகளாயின் 37 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். பொறியின் வேகத்தை இருமடங்காக்கினால் நாம் கூட்டக்கூடியது ஒரேயொரு மதகுதான். ஆகவே எல்லா வழிகளையும் சோதிப்பதைவிடச் சுருக்கமான வழி உண்டா என்பதே உண்மையான வினா. சில கணக்குகளுக்கு அத்தகைய குறுக்குவழி உண்டு. சிலவற்றுக்கு இல்லை என்றே அறிஞர் பெரும்பாலோர் கருதுகின்றனர்.

பாடசாலை நேரசூசி வரைந்த ஆசிரியர் எவரும் இதனை அனுபவத்தால் அறிவர். வரைந்து முடித்த நேரசூசியிற் பிழை உண்டா என்று சரிபார்ப்பது அரைமணி வேலை. எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்தும்படி ஒன்றை வரைவதோ விடுமுறை முழுவதையும் விழுங்கும் வேலை. சரிபார்த்தல் எளிது, கண்டுபிடித்தல் அரிது என்ற இத்தகைய கணக்குகளுள் மிகக் கடினமானவை யாவும் உள்ளூர ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை 1971இல் ஸ்ரீபன் குக்கும் அவரையடுத்துப் பிறரும் காட்டினர். அவற்றுள் ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும். இன்றுவரை ஒன்றுக்கும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்பதும் நிறுவப்படவில்லை.

இந்த ஆராய்ச்சி கட்டுப்பாட்டியலைத் தொட்டபோது வெளிவந்த உண்மை நமது வினாவுக்கு மிகவும் முக்கியமானது. கடினத்தின் ஊற்று தேக்கங்களின் எண்ணிக்கை மட்டுமன்று. அறிவு பல பேரிடம் சிதறிக் கிடப்பதும் அதன் ஊற்றாகும். 1968இல் விற்சன்ஹோசன் என்ற கணிதவியலாளர் மிகச் சிறியதொரு புதிரை முன்வைத்தார். இருவர் ஒரே நோக்குக்காக உழைக்கின்றனர். முதலாமவர் நிலைமையைத் துல்லியமாகக் காண்கிறார். ஆனால் அவர் கையசைப்பதற்குச் செலவு அதிகம். இரண்டாமவர் செலவின்றிச் செயற்படலாம். ஆனால் முதலாமவர் விட்டுச்சென்ற நிலையை மூடுபனிக்கு ஊடாகவே காண்கிறார். இருவருக்கும் சிறந்த விதி எது? நேர்கோட்டு விதிதான் சிறந்தது என்று துறையினர் எண்ணியிருக்க, அது சிறந்ததன்று என விற்சன்ஹோசன் நிறுவினார். ஆயினும் மிகச் சிறந்த விதி எது என்பது இன்றளவும் கண்டறியப்படவில்லை. இரண்டே பேர், இரண்டே செயல்கள். அரை நூற்றாண்டு கடந்தும் விடை இல்லை!

1986இற் பாப்பதிமித்திரியு, சிற்சிக்லிஸ் என்னும் இரு கிரேக்க அறிஞர், இப்புதிரை முழு எண்களால் அமைத்தால் அது மேற்கூறிய கடினமான கணக்குகளின் இனத்தைச் சேரும் என்று காட்டினர். 2002இல் வெளியான பேர்ன்ஸ்ரைன் முதலியோரின் ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஒவ்வொருவரும் உண்மையின் ஒரு கூற்றை மட்டுமே காணும் நிலையில், இருவரோ பலரோ காலப்போக்கில் மாறும் ஒன்றைக் கூடி நடத்துவதற்கான மிகச் சிறந்த திட்டத்தைக் காண, எல்லா நேர்வுகளுக்கும் பொருந்தும் விரைவான பொது வழி இருக்கவே முடியாது என அது நிறுவியது. இது ஊகமன்று, நிறுவப்பட்ட தேற்றம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. இத்தேற்றங்கள் மிகக் கடினமான நேர்வுகளைப் பற்றியவை. மகாவலியின் இந்த ஆண்டுக் கணக்கு அவ்வளவு கடினமானதுதான் என்று அவை கூறவில்லை. நல்ல திட்டம், பயனுள்ள திட்டம், சென்ற ஆண்டைவிடச் சிறந்த திட்டம் ஆகியவற்றைப் பொறியியலாளர் வகுக்கவே செய்கின்றனர்; அவர்கள் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நாம் கூறுவது இதுவே: பொறியிலிருந்து வெளிவருவது மிகச் சிறந்த ஒரே விடை அன்று. எவற்றைக் கணக்கிற் சேர்ப்பது, எவற்றை விடுவது, ஓர் ஏக்கர் நெல்லை எத்தனை அலகு மின்சாரத்துக்கு ஈடாக வைப்பது என்று மனிதர் முன்னமே எடுத்த முடிவுகளின் வழியே கிடைத்த, ஓரளவு நல்ல பல விடைகளுள் ஒன்று அது. 'கணினி சொன்னது' என்று கூறுபவர், தம் தெரிவைப் பொறியின் முதுகில் ஏற்றிவிட்டுத் தாம் கைகழுவிக் கொள்கிறார். இதுவே நாம் முதலில் மறுக்கவேண்டிய பொய்.

இரண்டாவது பொய் ஒன்றும் உண்டு. அது நமக்கு எதிரணியிலிருந்து வருவது. 'திட்டமிடுதல் இயலாது என்று கணிதமே காட்டிவிட்டது. ஆகவே யாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடுங்கள்' என்பர் சிலர். அறிவு சமுதாயமெங்கும் சிதறிக் கிடப்பதால் அதை ஒரு மையத்திற் திரட்ட முடியாது என்று ஹயெக் 1945இல் வாதிட்டார். பொதுவுடைமைப் பொருளியலாளரான ஒஸ்கார் லாங்கே, 1967இல் வெளியான தம் கட்டுரையில், அந்தச் சமன்பாடுகளை மின்கணினி ஒரு நொடிக்குள் தீர்த்துவிடும் என்று மறுமொழி தந்தார். லாங்கேயின் நம்பிக்கை மிகையானது என்பதை இன்று ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை; முற்போக்காளர் உண்மைக்கு அஞ்சுதல் ஆகாது. ஆனால் அதனால் ஹயெக் வென்றுவிட்டாரா? இல்லை. போட்டியிடுவோர் சென்றடையும் சமநிலையைக் கண்டுபிடித்தலும் பொதுவிற் கடினமான கணக்கே என்று 2006இல் டஸ்கலாகிஸ், கோல்ட்பேர்க் ஆகியோருடன் அதே பாப்பதிமித்திரியு காட்டினார். மையத்துக்கு எட்டாத கணக்கு, சந்தைக்கு மட்டும் மந்திரத்தால் எட்டிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அன்றியும், சந்தையில் விலை கொடுக்க இயலாதவனின் தாகம் எந்தக் கணக்கிலும் ஏறுவதேயில்லை.

அப்படியானால் கணிதம் நம்மை இருளில் விட்டுவிடுகிறதா? விற்சன்ஹோசனின் புதிருக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1972இல், ஹோ, சூ என்னும் இருவர் ஒரு தேற்றத்தை வெளியிட்டனர். அதன் சாரம் இது: முன்னவரின் செயல் பின்னவரைப் பாதிக்குமானால், முன்னவர் அறிந்த அனைத்தையும் பின்னவரும் அறியுமாறு செய்துவிடுங்கள், கல்மன் காலத்து நிபந்தனைகளின் கீழே, அந்த எட்டாத கணக்கு மீண்டும் எளிய கணக்காகிவிடும். ஓர் ஆறு அந்த நிபந்தனைகளுக்கு அப்படியே அடங்குவதில்லை என்பது மெய்யே. ஆயினும் ஓர் ஆற்றின் கரையில் வாழ்வோருக்கு இதைவிடப் பொருத்தமான தேற்றம் வேறு இருக்க முடியாது. மேற்கரையில் மதகைத் திறப்பவன் அறிந்ததைக் கீழ்க்கரையில் விதைப்பவனும் அறிந்திருக்கிறானா என்பதே இங்கு வினா.

கடினத்தின் ஒரு பகுதி இயற்கை தந்தது. நாளைய மழையை எவரும் இன்று அறியார். மற்றொரு பகுதி நாமே ஆக்கியது. நீர்மட்டத்தைத் திணைக்களக் கோப்புக்குள் வைத்திருப்பதும், மின்தேவையின் கணக்கை உழவர் அமைப்புக்குக் காட்டாதிருப்பதும், விதைத்த பின்பு 'இம்முறை நீர் குறைவு' என்று அறிவிப்பதும் இயற்கையின் செயல்கள் அல்ல. மறைத்துவிட்டு, பின்பு 'கணக்கு மிகச் சிக்கலானது' என்று கூறுவது, விளக்கை அணைத்தவனே வழி தெரியவில்லை என்று முறையிடுவது போன்றது. ஆகவே தகவலைப் பொதுவாக்குதல் வெறும் நிர்வாகச் சீர்திருத்தம் அன்று. நீதியின் முதற் படி.

ஆனால் தகவல் மட்டும் போதாது. யாருடைய நலன் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பது அதனினும் அடிப்படையான வினா. ஐக்கிய நாடுகளின் உதவியுடன் 1968இல் நிறைவுற்ற மகாவலிப் பெருந்திட்டம் 30 ஆண்டுக் காலத்துக்கென வகுக்கப்பட்டது. 1977இன் பின்பு அதன் பெரும்பகுதியை ஏறத்தாழ ஆறே ஆண்டுகளில் முடிப்பதென அரசு தீர்மானித்தது. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது; கொத்மலையில் ஊர்களும் வயல்களும் மூழ்கின. அந்த நீர் பிறக்கும் மலைகளில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்களோ, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த வாக்குரிமைப் பறிப்பாலும், 1968இற் பெரும்பாலும் நாடற்றவராகவே இருந்தனர். வாக்கில்லாதவரின் குரல் எந்தத் திட்டக் கூட்டத்தில் ஒலித்திருக்கும்? தங்கள் மலைகளின் நீரால் நகரங்கள் ஒளிர்ந்த பின்னும் பல்லாண்டுகள் அவர்களது லயன் அறைகளில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. கணக்கில் எழுதப்படாதவருக்காக எந்தக் கணினியும் கவலைப்படுவதில்லை. அது கணினியின் குற்றமும் அன்று.

பெந்தாம் போன்றோர் 'மிகப் பெரும்பாலோருக்கு மிகப் பெரிய நன்மை' என்பதையே அறத்தின் அளவுகோலாக்கினர். அதனைக் கணக்கிட முடியாது என்பது இப்போது தெளிவு. எனவே அறத்தின் வினா வேறு விதமாகக் கேட்கப்பட வேண்டும். மிகச் சிறந்த விடை எது என்று மட்டும் கேளாமல், விடை எட்டாதபோது இழப்பை எப்படிப் பகிர்வது, அதை யார் கூடித் தீர்மானிப்பது என்று கேட்கவேண்டும். இந்நாட்டின் உழவர்கள் இவ்வினாவுக்குக் கணினி தோன்றுவதற்கு எத்தனையோ காலம் முன்பே ஒரு விடை கண்டிருந்தனர். சிங்கள மக்கள் அதனைப் 'பெத்ம' என்பர். குளத்திலே நீர் குறைந்த போகத்தில் வயல் முழுவதையும் விதைத்துக் கடைமடையைக் கருகவிடாமல், குளத்துக்கு அண்மையான பகுதியை மட்டும் தெரிந்து, கடைமடைக்காரன் உட்பட எல்லோரும் அந்தப் போகத்துக்கு அதனைப் பங்கிட்டுப் பயிரிடும் வழக்கம் அது. மகாவலியின் வடபகுதிக் குடியேற்றங்களிலும் வறண்ட சிறுபோகங்களில் இம்முறை கையாளப்பட்டதுண்டு.

பெத்ம மிகச் சிறந்த விளைச்சலைத் தரும் வழி என்று எவரும் நிறுவவில்லை. ஆனால் அதன் விதி எல்லோருக்கும் விளங்கும், சரிபார்க்க எளிது, இழப்பு ஒருவன் தலையில் மட்டும் விழுவதில்லை. அதேவேளை நாம் பழமையைப் புகழ்ந்து மயங்கிவிடவும் கூடாது. பழைய ஊர்களிற் பங்கு பெரும்பாலும் உடைமையின் அளவைப் பொறுத்தது. நிலமற்ற கூலியாளுக்கு அதில் இடமில்லை. பழைய வழக்கத்தின் பொதுமையை ஏற்று, அதன் வர்க்க எல்லையை உடைத்து விரிவாக்குவதே நமது பணி.

இதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. 2023 ஆகஸ்டில், வறட்சியின் நடுவே, உடவளவைப் பகுதி விவசாயிகள் பயிர் காக்கச் சமனலவெவ நீர்த்தேக்கத்தின் நீரைத் திறக்கும்படி போராடினர். திறந்தால் தெற்கில் மின்வெட்டு நேரும் என்று மின்துறை எச்சரித்தது. இறுதியில் அமைச்சரவை கூடித் திறப்பதென முடிவெடுத்தது. முடிவு சரியா பிழையா என்பதைப் பற்றி வாதிடலாம். ஆனால் பயிரா மின்சாரமா என்பது பொறி தீர்க்கும் கணக்கன்று, மனிதர் எடுக்கவேண்டிய தீர்மானமே என்பதை அன்று நாடு முழுவதும் வெளிச்சத்திற் கண்டது. குறை என்னவெனில், பயிர் வாடி மக்கள் வீதிக்கு வந்த பின்பே அத்தீர்மானம் பிறந்தது. விதைப்புக்கு முன்பு கூடிய கூட்டத்திற் பிறக்கவில்லை.

கணக்கு எட்டாதது என்பதனாற் கடமை அற்றுப் போவதில்லை. மிகச் சிறந்ததைக் காணாததற்காக எவரையும் நாம் குறைகூற முடியாது. ஆனால் அறிந்ததை மறைத்ததற்காகக் குறைகூறலாம், பாதிக்கப்படுவோரைக் கேளாமல் தீர்மானித்ததற்காகக் குறைகூறலாம், பிழை வெளிப்பட்ட பின்பும் திருத்த மறுத்ததற்காகக் குறைகூறலாம். இம்மூன்றும் எந்த ஏழை நாட்டுக்கும் இயலக்கூடியவை. இவற்றுக்குப் பெருங்கணினி வேண்டியதில்லை.

பேராதனையின் பொறியியற் பீடத்தில் இக்கணிதத்தைக் கற்கும் மாணவருக்கும், மலைநாட்டுப் பாடசாலைகளிற் கணிதம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் நாம் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. கணக்கின் வலிமையை மக்களுக்குக் கற்பிப்பது போலவே அதன் எல்லையையும் கற்பியுங்கள். 'நிபுணர் சொன்னார்' என்ற சொல்லுக்கு முன் தலைகுனியாமல், எவற்றைக் கணக்கிற் சேர்த்தீர், எவரை விட்டீர் என்று கேட்கும் துணிவை உழவனுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் ஊட்டுங்கள். பொல்கொல்லவின் மதகு அடுத்த போகத்திலும் திறக்கத்தான் போகிறது. எவ்வளவு திறப்பது என்பதை முடிவு செய்யும் மேசையில் அந்த நீரை நம்பி வாழும் மக்களுக்கும் ஓர் இடம் வேண்டும். அதனைப் பெற்றுத்தருவது கற்றோர் செய்யக்கூடிய பணி, செய்யவேண்டிய பணியும் ஆகும்.